வழிமொழிந்தவர் திருச்செல்வம்

எங்கள் சபையின் வாலிபர் பிரதிநிதிக்கு வயது நாற்பத்தாறு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நாங்களும் வருடக்கணக்கில் சிரித்தவர்கள்தான்.

பெயர் திருச்செல்வம். போர்ட் கிள்ளானில் ஒரு கண்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். லோரியில் வரும் பெட்டி, கப்பலுக்குப் போகும் பெட்டி, ஒவ்வொன்றின் நம்பரையும் பார்த்துச் சரியாக எழுதிக்கொள்கிற வேலை. ஒரு எழுத்து தப்பினால் பினாங்குக்குப் போக வேண்டியது பங்களாதேஷுக்குப் போய்விடும் என்பார். இருபத்தைந்து வயதில் வாலிபர் ஐக்கியத்துக்குத் தலைவராகவும் சபைக் குழுவில் அதன் பிரதிநிதியாகவும் வந்தார். அப்போது பிள்ளைகள் அவரை ‘அண்ணே’ என்றார்கள். அவர்களுக்கெல்லாம் கல்யாணமாகி, அவர்களுடைய பிள்ளைகள் இப்போது ‘அங்கிள்’ என்கிறார்கள். அவர் மட்டும் அதே நாற்காலியில் இருந்தார்.

பதவியை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்க வேண்டாம். வாங்கிக்கொள்ள வந்த ஒன்றிரண்டு பேரை, “இன்னும் கொஞ்சம் பக்குவம் வரட்டும்” என்று நாங்கள்தான் திருப்பி அனுப்பினோம். பக்குவம் வந்த வயதில் அவர்கள் ஜொகூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள்.

நாங்கள் என்றால் சபைக் குழு. நான் வாணி, குழுவின் செயலாளர். ஒன்பது வருடமாக மினிட்ஸ் எழுதுகிறேன். கிள்ளானில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது எங்கள் தமிழ்ச் சபை. ஞாயிறு காலை நூற்றுப் பத்துப் பேர் வந்தால் அன்றைக்கு நல்ல கூட்டம்.

வாலிபர்களுக்கென்று எங்களிடம் சில வேலைகள் உண்டு. நாற்காலி அடுக்குவது, மைக்குக்கு வயர் மாட்டுவது, கிறிஸ்துமஸுக்குத் தோரணம் கட்டுவது, பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்ததும் மேசை துடைப்பது. ‘வாலிபர்கள்தான் சபையின் தூண்கள்’ என்று வருடத்துக்கு ஒருமுறை பிரசங்கம் வரும். தூணிடம் யார் யோசனை கேட்கிறார்கள்? பிரசங்கம் முடிந்ததும் தூண்கள் போய் நாற்காலி அடுக்கும்.

இந்த நிலைமையில்தான் தாமரை வந்தாள். வயது இருபத்தொன்று. காப்பார் சாலைப் பக்கம் அடுக்குமாடி வீடு, பல் கிளினிக்கில் உதவியாளர் வேலை. அந்த ஐக்கியத்தில் இருந்த பதினான்கு பேரில் வாய் திறந்து கேள்வி கேட்கிறவள் அவள்தான். எஸ்பிஎம் அரசாங்கப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குச் சபை மண்டபத்தில் வாரத்தில் இரண்டு நாள் பாடம் சொல்லித் தரலாமா? மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையை வாலிபர்களே நடத்தலாமா? கேட்டதெல்லாம் நியாயமானவை. ஆனால் அவற்றைக் குழுவில் பேச அவளுக்கு இடமில்லை. அவள் திருச்செல்வத்திடம் சொல்ல வேண்டும்; திருச்செல்வம் எங்களிடம் சொல்வார்; நாங்கள் ‘பார்க்கலாம்’ என்போம்; நான் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதுவேன்.

ஒரு நாள் திருச்செல்வம் என்னிடம் வந்து சொன்னார்.

“அக்கா, மார்ச் பொதுக்கூட்டத்துல நான் எறங்கிடுறேன். தாமரை உக்காரட்டும். இதுங்க கதைய இதுங்களே பேசணும் லா. நான் பேசிப் பேசி இருபத்தோரு வருஷத்துல ஒண்ணும் நடக்கல.”

“விஜயன் சார் ஒத்துக்குவாரா?”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். அந்த மனிதர் லேசில் எதையும் கேட்கிறவர் இல்லை.

விஜயன் சார் எங்கள் மூத்த அங்கத்தினர், தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை வில்லனாக்கிவிட எனக்கு மனமில்லை. இந்த நாட்டில் தமிழ் எழுத்து எத்தனை வாயிலிருந்தும் கையிலிருந்தும் நழுவிப்போகிறது என்று கண்ணால் பார்த்தவர் அவர். பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு ஆரம்பித்தார். முதல் வாரம் நான்கு பேர், இரண்டாம் வாரம் ஒருவர், மூன்றாம் வாரம் சார் மட்டும். சனிக்கிழமை பிள்ளைகள் எல்லாரும் கடையிலும் கிளினிக்கிலும் வேலையில் இருப்பார்கள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வெறும் பெஞ்சுகளைப் பார்த்த அந்தக் கோபம் அவருக்குள் அப்படியே இருந்தது.

எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பேசுவார்கள், பாடுவார்கள், சண்டையும் போடுவார்கள், எல்லாம் தமிழில்தான். படித்தது செகோலா கெபாங்சானில், மலாய்ப் பள்ளியில். அதனால் தமிழை ரூமியில் எழுதிக் கொடுக்க வேண்டும். மலாய் எழுதுகிற அதே ஏபிசிடி எழுத்துத்தான் ரூமி. பாட்டுத் திரையில் கூட மேலே தமிழ், கீழே ரூமி. ரூமியில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. நாங்கள் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

அக்டோபரில் வாலிபர் ஞாயிறு வந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள் பிள்ளைகள் பீடத்தில் ஏறலாம். தாமரைக்கு மன்றாட்டு ஜெபம். திருச்செல்வம் இரண்டு நாள் உட்கார்ந்து அந்த ஜெபத்தை ரூமியில் எழுதிக் கொடுத்தார். படிக்கிற பிள்ளைகளுக்காக, வேலை தேடுகிறவர்களுக்காக, நோயாளிகளுக்காக, நாட்டுக்காக. ஒவ்வொரு பகுதியும் ‘ஆண்டவரே, எங்களுக்கு உமது வழியைக் காட்டும்’ என்று முடியும். வழி என்பதை அவர் வி, ஏ, எல், ஐ என்று நான்கு எழுத்தில் எழுதினார். இங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்.

தாமரை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கணீரென்று, ஒவ்வொரு வார்த்தையாக, “ஆண்டவரே, எங்களுக்கு உமது வலியைக் காட்டும்” என்றாள்.

முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது தடவை முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். நோயாளிகளுக்கான ஜெபத்தில் மூன்றாவது தடவையாக வலியைக் காட்டச் சொன்னபோது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த சபை கண்ணைத் திறந்து சிரித்தது. நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிக்காமல் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் விஜயன் சார், முகம் கறுத்துப்போயிருந்தது. இன்னொருவர் திருச்செல்வம். அவர் தன் கையிலிருந்த நகலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாமரை நிறுத்தவில்லை. நான்காவது தடவையும் சொல்லி, ஆமென் சொல்லி இறங்கினாள். எதற்குச் சிரித்தார்கள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. சேலை ஏதும் நழுவியதோ என்று தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே தேநீர் மேசைக்குப் பக்கத்தில் திருச்செல்வம் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். நான் கறிபாப் பலகாரத் தட்டோடு அருகில்தான் நின்றேன்.

“வலின்னு படிச்சிட்டம்மா. வழின்னு வரணும். என் தப்புதான், நான் எழுதின லட்சணம்.”

அவள் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

“சிலுவையில பட்டாரே, அந்த வலின்னு நினைச்சேன் அங்கிள். அதக் காட்டுங்கன்னு கேக்கறோம்னு. எனக்குக் கரெக்டாதான் பட்டுச்சு.”

அன்று காலை அந்த ஜெபத்தை அர்த்தம் புரிந்து சொன்னவள் அவள் ஒருத்திதான். நாங்கள் எல்லாரும் கறிபாப் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் குழுக் கூட்டம். விஜயன் சார் ஒரு தீர்மானத்தோடு வந்தார். பீடத்தில் ஏறி வேதம் வாசிப்பவரும் ஜெபம் செய்பவரும் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். குழுவில் இடம் பெறுகிறவருக்கும் அதே விதி, ஏனென்றால் எங்கள் மினிட்ஸ் தமிழில்தான்.

இதற்குமேல் சொல்வதற்குமுன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். திருச்செல்வத்துக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது.

குழுவில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். சில வருடங்களுக்கு முன் பீடத்தைத் துடைக்கும்போது பெரிய வேதாகமத்துக்குள் ஒரு தாள் இருந்தது. அன்றைய வாசிப்பு முழுக்க, டேலி கிளார்க் எழுதுகிற நறுக்கென்ற கையெழுத்தில், ரூமியில் இருந்தது. கேட்டேன். மறைக்கவில்லை. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர், பக்கத்தில் இருந்தது மலாய்ப் பள்ளி. போனில் வேதத்தை வாசித்துக் காட்டும் குரலைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி, எழுதிக்கொள்வாராம். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை வேதாகமத்தின்மேல் வைத்து, விரலை வரிவரியாக ஓட்டி வாசிப்பார். நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பவும் செய்வார். தான் கேட்டு எழுதியது என்பதால் எந்த ‘வலி’ எந்த ‘வழி’ என்று அவருக்குத் தெரியும். “யாருக்கும் சொல்லிடாதீங்கக்கா, வெக்கமா இருக்கு” என்றார். நான் சொல்லவில்லை.

விஜயன் சார் தீர்மானத்தை வாசித்து முடித்துவிட்டுத் திருச்செல்வத்தின் தோளில் கை வைத்தார்.

“நம்ம திருச்செல்வத்தப் பாருங்க. இவரும் செகோலா கெபாங்சான்தான். எவ்வளவு அழகா வாசிக்கிறார்! மனசு வெச்சா முடியும் அப்படிங்கிறதுக்கு இவரே சாட்சி.”

மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். பாஸ்டரும் ஆட்டினார், அவருக்கு அடுத்த வருடம் இடமாற்றம், யாரோடும் மனஸ்தாபம் வேண்டாம் என்று இருந்தார். திருச்செல்வம் வாயைத் திறந்தார். இதோ சொல்லிவிடப் போகிறார் என்று என் பேனா நின்றுவிட்டது.

“பிள்ளைங்க பாவம் சார்” என்றார். அவ்வளவுதான்.

“பாவம்னு விட்டுவிட்டுத்தானே இந்த நிலைமை?” என்றார் சார்.

கை தூக்கச் சொன்னார்கள். திருச்செல்வம் தூக்கவில்லை. நான் தூக்கினேன். செயலாளர் சிந்தித்துப் பார்த்து எதிர்ப்பதற்குள் சுற்றிலும் கைகள் மேலே போயிருந்தன, என் கையும் பழக்கத்தில் போய்விட்டது. நான் ஒரு வார்த்தை சொல்வதாகச் சொன்னேனே, அந்த வார்த்தை வரவேயில்லை.

தாமரையிடம் அவர்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நவம்பர் முதல் ஞாயிறு, மண்டபத்தில் பதினான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவருகில் நின்றிருந்தேன். பீடத்துக்கும் குழுவுக்கும் புது விதி என்று அவர் சொன்னதும் தாமரை ஒரே கேள்வி கேட்டாள்.

“அப்ப நீங்க என்ன அங்கிள் சொன்னீங்க?”

“சொன்னேம்மா. கேக்கல.”

“என்ன சொன்னீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். தாமரைக்குக் கோபம் வந்திருந்தால் தேவலை. அவள், “ஓகே லா அங்கிள், பரவால்ல” என்று எழுந்து, வழக்கம்போல நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுத்தான் போனாள். மற்றவர்களும் அடுக்கினார்கள்.

அதன் பிறகு அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு பெயராகக் கழன்றது. முதலில் தாமரை, மறுநாள் மைக்குக்கு வயர் மாட்டும் கிஷன், அப்புறம் ஒரே மாலையில் மூன்று பேர். சுபாங்கில் ஒரு பேரங்காடியின் நான்காம் மாடியில் இங்கிலீஷ் சபை ஒன்று நடக்கிறது. கிள்ளானில் ரயில் ஏறினால் போய் இறங்கிவிடலாம். அங்கே தாமரைக்கு மூன்றே வாரத்தில் ஒரு சிறு குழுவை நடத்தக் கொடுத்துவிட்டார்களாம். எஸ்பிஎம் பிள்ளைகளுக்குப் பாடமும் அங்கே ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். அவள் இனி தமிழில் ஜெபிக்கவே மாட்டாள் என்று விஜயன் சார் வருத்தப்பட்டார். யாரால் என்று நான் கேட்கவில்லை.

திருச்செல்வம் சபை வேனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். காலை ஷிப்ட் முடிந்து, யார்டில் போடும் அந்தப் பச்சை ஜாக்கெட்டோடே போய் அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டினார். பிள்ளைகள் மரியாதையாகப் பேசினார்கள், மைலோ கலக்கிக் கொடுத்தார்கள், வரேன் அங்கிள் என்றார்கள். டிசம்பரில் தோரணம் கட்ட ஏணியில் ஏறியவர் அவர்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

“நான் அன்னிக்கு சொல்லியிருக்கணும் அக்கா” என்றார் மேலேயிருந்து.

“சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“என்னையும் சேத்து எறக்கியிருப்பாங்க. அது பரவால்ல. எனக்கும் தெரியாதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். தனியா நிக்கிறோம்னு நினைச்சிருக்க மாட்டா.”

மார்ச் பொதுக்கூட்டத்தில் அவர் சொல்லியே விட்டார். வாலிபர் பிரதிநிதி தேர்தல் வந்தது. யாரோ வழக்கம்போல அவர் பெயரை முன்மொழிந்தார்கள். திருச்செல்வம் எழுந்து மைக்கைக் கையில் வாங்கினார்.

“எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இத்தனை வருஷம் ரூமியில எழுதி வெச்சுதான் வாசிச்சேன். விதிப்படி நான் இங்க இருக்கக் கூடாது. இல்ல, அந்த விதி இருக்கக் கூடாது. அந்தப் பிள்ளைங்கள நாம கூப்புடணும். நாம மன்னிப்புக் கேட்டுக் கூப்புடணும்.”

பிறகு யாரோ, “சும்மா இருங்க அண்ணே!” என்று சிரித்தார்கள். மற்றவர்களும் சிரித்தார்கள். பிள்ளைகளுக்காகப் பரிந்து விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முடிவு செய்துவிட்டார்கள். விஜயன் சார் கண் கலங்கி, “இதுதான் தாழ்மை” என்றார். யாரோ ஒரு வேதாகமத்தை நீட்டி, எங்கே வாசியுங்கள் பார்ப்போம் என்றார்கள். நீட்டியவர் திறந்திருந்த இடம் சங்கீதம். மேலே இருந்த எண்ணைப் பார்த்ததும் அது மேய்ப்பனைப் பற்றிய சங்கீதம் என்று திருச்செல்வத்துக்குத் தெரிந்துபோனது.

“இது மனப்பாடம். பார்க்காமலே சொல்வேன். வாசிக்க வராது.”

“எங்களுக்கும் மனப்பாடம்தானே!” என்று மறுபடியும் ஒரே சிரிப்பு.

அவர்கள் உண்மையிலேயே நம்பவில்லையா, நம்பினால் பிள்ளைகள் வீட்டுக்கு ஏறி இறங்க வேண்டிவரும் என்று நம்பாமல் இருந்தார்களா, எனக்குத் தெரியாது. நான் எழுந்து, “அவர் சொல்றது உண்மை, நான் அந்தத் தாளப் பார்த்திருக்கேன்” என்று சொல்லியிருக்கலாம். என் மடியில் மினிட்ஸ் புத்தகம் கனத்தது. போட்டி இல்லாததால் திருச்செல்வம் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கை தட்டினார்கள். அவர் மைக்கோடு நின்றுகொண்டே இருந்தார். பாஸ்டர் மெதுவாக அதை வாங்கிக்கொண்டார்.

தேநீரின்போது விஜயன் சார் என்னைத் தனியாக அழைத்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது, அவர் மட்டும் நம்பிவிட்டார் என்று எனக்குப் பட்டது.

“திருச்செல்வம் பேசினது மினிட்ஸ்ல வேண்டாம்மா. தலைமையகத்துக்குப் போகும். எழுதினா அவரும் பீடத்துல ஏற முடியாது. அப்புறம் யார் இருக்கா நமக்கு?”

நான் எழுதவில்லை. திருச்செல்வத்தின் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பொதுக்கூட்ட மினிட்ஸை உறுதிப்படுத்த வேண்டும். நான்கு பக்கம், தமிழில், தட்டச்சு செய்து மேசையில் வைத்தேன். முன்மொழிகிறேன் என்று விஜயன் சார் கையெழுத்துப் போட்டார். வழிமொழிய ஒருவர் வேண்டும். பக்கத்தில் இருந்தவர் திருச்செல்வம். தாள் அவரிடம் போனது.

அவர் விரலை வரிவரியாக ஓட்டினார், பீடத்தில் செய்வது போலவே. கடைசிப் பக்கத்துக்கு வந்து என் பக்கம் சாய்ந்து, சன்னமான குரலில் கேட்டார்.

“அக்கா, நான் சொன்னது இருக்குல்ல?”

“இருக்கு.”

“எங்க?”

மேசைக்கு அந்தப் பக்கம் விஜயன் சார் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டி ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். ‘தேநீர் விருந்துடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது’ என்ற வரி.

அவர் அந்த வரியின்மேல் ஒருமுறை விரலை ஓட்டினார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

“தேங்க்ஸ்க்கா. எழுத்துல இருந்தா போதும். என்னிக்காவது தாமரை வந்து கேட்டா காட்டலாம்.”

வழிமொழிந்தவர் என்ற இடத்தில் பேனாவை வைத்தார். அந்த இடம் எது என்றும் நான்தான் காட்டினேன். ரூமியில் கையெழுத்துப் போட்டார்.